தாய்க்குக் கட்டிய சிறு வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லிவைத்தார்கள். இவ்விரண்டில் எதில் கை வைத்தாலும் மனிதன் கடனாளியாகாமல் மீள்வது அரிது என்பது அதன் கருத்து. இப்பழமொழியின் உண்மை தமிழ்நாட்டோடு நின்றுவிடுவதன்று. ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் லா ஷோ-த-ஃபோன் என்னும் மலைநகரம் கடிகாரத் தொழிலுக்குப் பெயர் போனது. அங்கே கடிகார முகங்களுக்கு எனாமல் பூசிப் பிழைத்த ஒரு தொழிலாளியின் குடும்பம் இவ்வுண்மையைத் தன் சொந்தச் செலவிலேயே அறிந்துகொண்டது.

அத்தொழிலாளியின் பெயர் ஜார்ஜ் எத்வார் ழானரே. அவர் மனைவி மாரி பிள்ளைகளுக்குப் பியானோ கற்பித்து வந்தவர். இவர்களுக்கு இரண்டு புதல்வர்கள். மூத்தவர் ஆல்பெர்ட் சங்கீதத்தில் ஈடுபட்டார். இளையவர் 1887-ஆம் வருஷத்தில் பிறந்த ஷார்ல் எத்வார். இவர் கட்டடக்கலையில் இறங்கினார். 1912-இல், இருபத்தைந்து வயது நிரம்பும் சமயத்தில், பெற்றோருக்கென்று ஒரு பெரிய வெள்ளை வீட்டைச் சொந்த ஊரில் நிர்மாணித்தார். வீடு அழகாகத்தான் இருந்தது. ஆனால் தாய் தகப்பனார் ஆயுள் முழுவதும் சேர்த்துவைத்த பொருளை அது விழுங்கிவிட்டது. அதைக் கட்டிக் காக்க இயலாமல் 1919-இல் நஷ்டத்துக்கு விற்றுவிட்டு வெளியேறினார்கள் அம்முதியவர்கள்.

அந்த இளைய புதல்வர்தான் பிற்காலத்தில் 'லெ கார்பூஸியே' என்ற புனைபெயரால் உலகப் பிரசித்தி அடைந்தார். நம் பாரத நாட்டின் பஞ்சாபில் சண்டிகர் நகரத்தை வகுத்துத் தந்தவரும் அவரே. அவர் தம் பெற்றோருக்காக இரண்டாவது முறை ஒரு வீடு கட்டினார். இம்முறை அது மிகச் சிறிய வீடு. ஜினீவா ஏரிக்கரையில் 1923, 1924-ஆம் வருஷங்களில் எழுந்த அவ்வீட்டைத்தான் நாம் காணச் சென்றோம்.

நம்மவர் அறிந்த ஏரி

லொஸான் நகரத்திலிருந்து வெவே என்னும் ஊருக்கு ரயிலில் சென்றால் கால் மணிக்குச் சற்று அதிகமாகும். அந்தச் சிறிது நேரத்துக்குள் கண்ணுக்குக் கிடைக்கும் விருந்தோ பெரிது. இடப் பக்கத்தில் மலைச் சரிவு முழுவதும் படிப்படியாகக் கல்வரப்புக் கட்டித் திராட்சை பயிரிட்டிருக்கிறார்கள். லாவோ என்று பெயர் பெற்ற இப்படித் தோட்டங்களுக்குப் பல நூற்றாண்டுச் சரித்திரம் உண்டு. 2007-இல் உலக பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தன. வலப் பக்கத்திலே ஏரி. அதற்கு அப்பால், எதிர்க்கரையில், ஸாவாய் மலைகள் தண்ணீரிலிருந்தே எழுந்து நிற்பன போல் நிற்கின்றன. அந்நாட்டார் இவ்வேரியை 'லெமான்' என்று அழைக்கிறார்கள்.

இந்த ஏரி இந்தியருக்கு அந்நியமானதன்று. இதன் கிழக்குக் கோடியிலுள்ள வில்னவ் கிராமத்தில்தான் பிரெஞ்சு ஆசிரியர் ரோமெய்ன் ரோலந்து பல வருஷங்கள் வசித்தார். ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஒருவரின் புதல்வியாகிய மாடலின் ஸ்லேட் அம்மையார் அவரைக் காண இக்கரைக்கு வந்தார். அவர் வாயால் காந்தியடிகளைப் பற்றிக் கேட்டார். 1925-இல் சபர்மதி ஆசிரமத்தை அடைந்து மீராபென் ஆனார். 1931-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், லண்டன் வட்டமேஜை மகாநாடு முடிந்து திரும்பிய காந்தியடிகளே வில்னவுக்கு எழுந்தருளி ஐந்து நாட்கள் தங்கினார். ரோலந்து அவருக்குப் பீதோவனின் இசையைப் பியானோவில் வாசித்துக் காட்டினார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1936-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 28-ந் தேதி கமலா நேரு உயிர் நீத்ததும் இதே ஏரிக்கரையிலுள்ள லொஸானில்தான். ஜவாஹர்லால் நேரு அப்போது அருகே இருந்தார்.

காந்தியடிகள் வில்னவில் தங்கியிருந்த அந்த டிசம்பர் மாதத்தில், அங்கிருந்து சில மைல் தூரத்தில், நாம் காணச் சென்ற சிறு வீட்டில் எழுபத்தோரு வயதுக் கைம்பெண் ஒருவர் வாழ்ந்துகொண்டிருந்தார். அவரும் பியானோ வாசிப்பவர்.

திட்டம் முதலில், மனை பிறகு

வெவே நகரத்திலிருந்து ஏரியோரச் சாலையில் மேற்கே நடந்தால் கோர்ஸோ என்னும் சிற்றூர் வந்துவிடுகிறது. வழியெல்லாம் பெரிய மாளிகைகளும் மதில் சூழ்ந்த தோட்டங்களும் இருக்கின்றன. நாம் தேடிய வீடோ சாலையோரத்து மதிலுக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறது. பார்த்தவுடன் இதற்காகவா கடல் கடந்து ஜனங்கள் வருகிறார்கள் என்ற கேள்வி எவருக்கும் எழக்கூடும். கூரைச் சரிவில்லை; தூணில்லை; சிற்ப வேலை எதுவும் இல்லை. நீண்டு தாழ்ந்த ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

அப்பெட்டியின் அளவைக் கூறுகிறோம், கேளுங்கள். நீளம் 16 மீட்டர், அதாவது சுமார் 52 அடி. அகலம் 4 மீட்டர், சுமார் 13 அடி. மொத்தத் தரைப் பரப்பு 64 சதுர மீட்டர். நம் கணக்கில் எழுநூறு சதுர அடிக்கும் சற்றுக் குறைவு. சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பம் இன்று வாங்கும் அடுக்குமாடி இருப்பிடம் பல இடங்களில் இதைக் காட்டிலும் பெரிது.

வழக்கத்தில் மனையை வாங்கிவிட்டுத்தான் வீட்டுக்குத் திட்டம் போடுவார்கள். இங்கே நடந்தது தலைகீழ். வயது முதிர்ந்த இருவர் வேலைக்காரர் உதவியின்றி வாழ்வதற்கு என்ன என்ன வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை அடி வேண்டும் என்று முதலில் கணக்கிட்டார்கள், லெ கார்பூஸியேயும் அவருடைய உறவினரும் சகோதரர் முறையினருமான பியெர் ழானரேயும். படம் முடிந்த பின்னர், அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற இடத்தைத் தேடி ஏரிக்கரையெங்கும் அலைந்தார் மைந்தர். சூரியன் தெற்கே வேண்டும். ஏரியும் மலையும் எதிரே வேண்டும். இந்தக் கோர்ஸோ மனை அகப்பட்டபோது, உறைக்குள் வாள் புகுவதுபோல் திட்டம் அதில் பொருந்திவிட்டதாம். ஏரி நீருக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே உள்ள தூரம் நான்கே மீட்டர்.

சுற்றுப்புறத்தார் இதைக் கண்டு மகிழவில்லை. இயற்கைக்கு இழைத்த குற்றம் என்று உள்ளூராட்சியார் இவ்வீட்டைக் கண்டித்து, இதைப் போல் இன்னொன்று எழும்பலாகாது என்று தடுத்ததாக, 1954-இல் இவ்வீட்டைப் பற்றியே வெளியிட்ட சிறு புத்தகத்தில் லெ கார்பூஸியே எழுதியிருக்கிறார்.

ஒரே ஜன்னல்

உள்ளே நுழைந்ததும் நம் கண்ணை இழுப்பது ஒரு ஜன்னல். ஒன்றே ஒன்றுதான், ஆனால் அதன் நீளம் 11 மீட்டர், சுமார் 36 அடி! கூடத்தில் தொடங்கிப் படுக்கையறையைக் கடந்து குளிக்கும் அறை வரையில் அது இடைவிடாமல் ஓடுகிறது. ஓவியர் ஒருவர் ஏரியையும் மலையையும் நீண்ட திரைச் சீலையில் தீட்டி வீட்டுக்குள் மாட்டிவிட்டாற்போலிருக்கிறது. கடிகாரத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற தகப்பனார் மலைகளிடத்தில் பெருங்காதல் கொண்டவர். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆல்ப்ஸ் மலையைக் காண அவருக்கு மகன் அளித்த வசதி இது.

கூரையின் உயரம் எட்டடியே ஆனாலும் மூச்சு முட்டுவதில்லை. ஒளி நிறைந்திருப்பதே காரணம். குறுகிய வீட்டில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரையில் பார்வை தடையின்றிச் செல்கிறது. விருந்தினர் வந்தால் கூடத்தின் கீழைக் கோடியைத் தடுப்பினால் மறைத்து அறையாக்கிக்கொள்ளலாம். அந்தக் கோடியில் கூரையைச் சற்று உயர்த்திக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். காலைக் கதிரவன் முதலில் அங்கே எட்டிப் பார்க்கிறான். பின்னர் நாள் முழுவதும் வீட்டின் முன்னால் நடந்து மேற்கே சென்று மறைகிறான். சமையலறை, துணி துவைக்கும் இடம், அலமாரி முதலியவை யாவும் கைக்கெட்டும் தூரத்தில் அமைந்திருக்கின்றன. வயதான அம்மையார் ஒருவர் இங்கே அநாவசியமாக எடுத்துவைக்க வேண்டிய அடி ஒன்றுகூட இல்லை.

மறைத்துக் காட்டும் சுவர்

வீட்டைக் காட்டிலும் நம் மனத்தைக் கவர்ந்தது அதன் பக்கத்திலுள்ள சிறு தோட்டம். ஏரியை நோக்கிய தோட்டம் என்றால் எவரும் அதைத் திறந்துதானே விடுவார்கள்? இவர் அங்கே ஒரு சுவரை எழுப்பி ஏரியை மறைத்துவிட்டார்! அச்சுவரில் ஒரே ஒரு சதுரமான திறப்பு; அதன் அடியில் சிமென்ட்டால் செய்த ஒரு மேஜை. எல்லாப் பக்கமும் எப்பொழுதும் தெரிந்துகொண்டிருக்கும் காட்சி சலித்துப்போகும் என்பது அவர் கொள்கை. ஒரு பகுதியை மறைத்து ஒரு பகுதியை மட்டும் காட்டினால்தான் அது கண்ணிலும் கருத்திலும் தங்குமாம்.

இதைக் கேட்டு வியப்படைய வேண்டியதில்லை. நம் கோயில்களை எழுப்பிய ஸ்தபதிகளுக்கு இந்த இரகசியம் தெரியாதா? கோபுரம், பிராகாரம், மண்டபம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, கடைசியில் கர்ப்பக்கிருஹத்தின் குறுகிய வாயில் வழியாகத்தானே இறைவனைத் தரிசிக்கிறோம்? திருப்புன்கூரில் நந்தி சற்றே விலகியதும் நந்தனார் பெற்ற ஆனந்தம், எங்கும் திறந்த வெளியில் கிடைக்கக்கூடியதா?

தெருவைப் பார்த்த மதிலின் அடியில் கம்பி போட்ட ஒரு சிறு துவாரம் இருக்கிறது. அது வீட்டு நாய்க்காக வைத்தது. வழிப்போக்கரைப் பார்ப்பதற்கு அதற்கும் ஒரு ஜன்னல் வேண்டாமா? பூனை உட்கார்ந்து ஏரியைப் பார்ப்பதற்கும் ஓர் இடம் அமைத்திருக்கிறார். வீட்டை இயந்திரத்தோடு ஒப்பிட்டுப் பேசி உலகத்தின் வசையையும் புகழையும் ஒருங்கே வாங்கிக்கொண்டவர், தம் தாயாரின் நாயையும் பூனையையும் மறக்கவில்லை. கூரையின் மேல் மண்ணைப் பரப்பிப் புல்லும் பூண்டும் வளரவிட்டிருக்கிறார். அந்த மண் கோடையில் வெப்பத்தையும் குளிர்காலத்தில் பனியையும் தடுக்கிறது.

முப்பத்தைந்து ஆண்டுகள்

இந்த வீட்டில் தகப்பனார் நெடுநாள் வாழக் கொடுத்துவைக்கவில்லை. குடிபுகுந்து இரண்டு வருஷம் நிறைவதற்குள், 1926-இல், காலமானார். தாயாரோ 1960-ஆம் வருஷம் வரையில், தம்முடைய நூறாவது வயது வரையில், இங்கேயே வாழ்ந்தார். அவருக்குப் பின் மூத்த புதல்வர் ஆல்பெர்ட் 1973-இல் காலமாகும் வரையில் இங்கே வசித்தார். இன்று இது ஒரு காட்சி இல்லம். கோடைகாலத்தில் குறிப்பிட்ட நாட்களில் பொதுஜனங்களுக்குத் திறந்துவிடுகிறார்கள்.

வீட்டின் குறைகளையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கையில் பணம் குறைவாக இருந்தபடியால் மலிவான சிமென்ட் கட்டிகளால் சுவர் எழுப்பினார்கள். ஏரியின் நீர் ஏறி இறங்குவதால் தரைக்கடியிலும் நீர் அழுத்திற்று. சுவரில் பிளவு கண்டது. முதலில் சாலைப் பக்கத்துச் சுவருக்கும், பிறகு 1950-ஐ ஒட்டி ஏரிப் பக்கத்துச் சுவருக்கும் உலோகத் தகடுகளைப் போர்த்தினார்கள். இப்போது வெயிலில் பளபளப்பது அந்தத் தகடுதான். நவீன முறை என்று சொல்லிக்கொள்வதனாலேயே ஒரு வீடு ஒழுகாமலும் பிளக்காமலும் இருந்துவிடுவதில்லை. ஆயினும், ஒரு முதியவர் முப்பத்தைந்து வருஷம் தம் கையாலேயே தம் காரியங்களைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்த வீடு தோல்வியடைந்த வீடு என்று எவர் சொல்லத் துணிவார்?

ஏரியிலிருந்து ஏரிக்கு

1947-இல் நாடு விடுதலை அடைந்தபோது பஞ்சாப் இரண்டாகப் பிளவுபட்டது. லாகூர் நகரம் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமற் போயிற்று. வீடிழந்து வந்த லட்சக்கணக்கான அகதிகளுக்கும், நாடிழந்த ஒரு மாகாணத்துக்கும் புதிய நகரம் ஒன்று வேண்டியிருந்தது. அமெரிக்கரான ஆல்பெர்ட் மேயர் முதலில் திட்டம் வகுத்தார். அவருடன் உழைத்த மாத்யூ நொவிட்ஸ்கி 1950-இல் விமான விபத்தில் மாண்டார். அதன்பின் பஞ்சாப் சர்க்காரின் பிரதிநிதிகளாகத் தாப்பரும் வர்மாவும் ஐரோப்பாவுக்குச் சென்று லெ கார்பூஸியேயை அமர்த்தினார்கள். 1951 பிப்ரவரியில் அவர் இந்தியா வந்தார். அவ்வருஷம் அவர் தாயாருக்குத் தொண்ணூற்றோரு வயது.

நீதிமன்றம், சட்டசபை, செயலகம் ஆகிய பெரிய கட்டடங்களை லெ கார்பூஸியே தம்மிடம் வைத்துக்கொண்டார். ஜனங்கள் வசிக்கும் வீடுகளை அமைக்கும் பொறுப்பு ஆங்கிலேயரான மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதிகளுக்கும் பியெர் ழானரேக்கும் வந்தது. நம் இளம் சிற்பிகள் பலரும் அவர்களோடு உழைத்தார்கள். மந்திரி முதல் சேவகன் வரையில் உத்தியோகத்துக்குத் தக்கபடி வீடுகளை வகுத்தபோது, கடைசிப் படியிலிருந்த சேவகனுக்கும் இரண்டு அறைகள், சமையலறை, குளிக்கும் இடம், கழிப்பிடம், முற்றம் என்று ஒதுக்கினார்கள். நம் தேசத்தில் அந்நாளில் அது சாமானியமான காரியமன்று. அதே சமயத்தில், அந்நகரத்துக்குக் கல்லும் மண்ணும் சுமந்த கூலிமக்களுக்குத் திட்டத்தில் நிலையான இடம் கிடைக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. அவர்கள் குடிசைகளிலேயே காலந்தள்ளினார்கள்.

பியெர் ழானரே 1965 வரையில் சண்டிகரிலேயே தங்கி உழைத்தார். 1967-இல் ஜினீவாவில் உயிர் நீத்தார். தம் அஸ்தியைச் சண்டிகரிலுள்ள சுக்னா ஏரியில் கரைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே செய்தார்கள். சுக்னா 1958-இல் ஓர் ஓடையைத் தடுத்து உண்டாக்கிய ஏரி. லெமான் கரையில் ஒரு முதிய தம்பதிக்கு வீடு வகுக்கத் துணை நின்றவர், நம் நாட்டு ஏரி ஒன்றில் கலந்துவிட்டார். 2016-இல் லெ கார்பூஸியேயின் படைப்புகள் ஏழு தேசங்களிலிருந்து 17 தேர்ந்தெடுக்கப்பட்டு, உலக பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது, கோர்ஸோவின் சிறு வீடும் சண்டிகரின் பெரிய மண்டபங்களும் ஒரே பட்டியலில் இடம் பெற்றன.

எதை எடுத்துக்கொள்வது?

வெளிநாட்டில் நல்லது ஒன்றைக் கண்டால் அதன் உருவத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வருவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. 36 அடி ஜன்னலைத் தெற்கே திறந்து வைப்பது, சூரியனுக்கு ஏங்கும் பனி நாட்டில் பொருத்தம். அதையே மதுரையிலோ வேலூரிலோ வைத்தால் வீடு அடுப்பாகும். பிறகு அந்தக் கண்ணாடிக்குத் திரை போட்டு, திரைக்குள்ளே குளிர்சாதனம் போட்டு, அதற்கு மின்சாரக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நமக்குத் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் இருந்தன. அவை நம் வெயிலும் மழையும் நமக்குக் கற்றுக்கொடுத்த ஜன்னல்கள்.

ஆனால் அவ்வீட்டுக்குப் பின்னால் நின்ற கேள்வி எந்த நாட்டுக்கும் பொருந்தும். இங்கே வாழப்போகிறவர் யார்? அவருக்கு உண்மையில் வேண்டியது எவ்வளவு? இக்கேள்விகளைக் கேட்காமல் கட்டிய முதல் வீடு பெரிதாக இருந்தது, அழகாகவும் இருந்தது, பெற்றோரின் சேமிப்பைத் தின்றுவிட்டது. கேட்டுக் கட்டிய இரண்டாவது வீடு சிறிதாக இருந்தது. தாயாரை நூறாவது வயது வரையில் காத்தது.

இதே கேள்வியை நம் நாட்டிலும் ஒருவர் கேட்டார். 1936-இல் வார்தாவுக்கு அருகிலுள்ள சேகாம் கிராமத்தில் காந்தியடிகள் குடியேறினார். அதுவே பின்னர் சேவாகிராமம் ஆயிற்று. லெமான் கரையில் ரோலந்தின் சொல்லைக் கேட்டுப் புறப்பட்டு வந்த மீராபென் அங்கே மண்ணும் மூங்கிலும் ஓடும் கொண்டு ஒரு குடிலை அமைத்தார்; பிற்பாடு காந்தியடிகள் வசித்த 'பாபு குடி' அதுவே. அக்கம்பக்கத்தில் கிடைத்த பொருள்களால், அவ்வூர் ஜனங்களின் கையால் ஆகிய அக்குடிலில் இருந்துகொண்டுதான் ஒரு தேசத்தின் விவகாரங்களை அவர் நடத்தினார். ஒன்று சிமென்ட், ஒன்று மண். ஒன்று பனிக்கு, ஒன்று வெயிலுக்கு. உருவத்தில் ஒற்றுமை இல்லை. அளவறிந்து கட்டியதில்தான் இரண்டும் உடன்பிறந்தவை.

பட்டணங்களில் நாம் இன்று கடன் வாங்கிக் கட்டும் வீடுகளில், வருஷத்துக்கு இருமுறை வரும் விருந்தினரை முன்னிட்டுப் பெரிய கூடம் அமைக்கிறோம். மூட்டு வலியோடிருக்கும் தாயாருக்கு மாடியில் அறை ஒதுக்குகிறோம். வீட்டுப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு கொத்தனாருடன் பேசத் தொடங்குமுன், அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அவர் கேட்பது அநேகமாக மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும்: சமையலறைக்குப் பக்கத்தில் படுக்கை, வழுக்காத தரை, காலை வெயில் விழும் ஒரு மூலை, தெருவைப் பார்க்க ஒரு ஜன்னல்.